பனியில் இல்லாத தடம்

கண்காட்சி திறந்து நாலு நாளாகியும் டெல்ஃபீன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சமூகக் கூடம் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஊரே போய் அழுதுவிட்டு வந்தது. அழுது முடித்த கையோடு பானக் என்கிற தட்டை ரொட்டியும் தேநீரும் ஒரு கை பார்த்துவிட்டு வந்தது என்பதும் உண்மை. அவளுக்கு மட்டும் கால் எழவில்லை. பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் அடைத்த அந்த விடுதிப் பள்ளியில் பிழைத்து வந்தவர்களின் குரல்களை அங்கே வைத்திருந்தார்கள். அவற்றில் அவள் தம்பி அம்ப்ரோஸின் குரலும் ஒன்று. போன வசந்தத்தில் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அதில் சொல்லியிருப்பானோ?

ஐந்தாம் நாள் மத்தியானம், ஊர் மொத்தமும் ஹாக்கி ஆட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். கூடத்துக்குப் பொறுப்பான வெர்னா மட்டும் இருந்தாள்.

“வாங்க அத்தை! வழி தவறி வந்துட்டீங்களா?”

“வாயாடி. அம்ப்ரோஸ் எங்க இருக்கான், காட்டு.”

வெர்னா ஒரு காகிதப் பையையும் மெல்லிய தாள்களையும் கையில் திணித்தாள். “கண்ணைத் துடைச்ச தாளைக் குப்பையில போட்டுடாதீங்க. வெளிய சடங்கு நெருப்பு எரியுது, நம்ம வழக்கப்படி கண்ணீரை அதுல சேர்த்துடுவோம்.”

“எனக்கே சொல்லித் தர்றியா? இதுல போட எங்கிட்ட ஒண்ணுமில்லடி. அதெல்லாம் எப்பவோ வத்திப்போச்சு.”

அவன் பெயருக்குக் கீழே தொங்கிய ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள். அவன் பேசினான்.

“அப்போ எனக்கு ஒன்பது வயசு. ஜன்னல் வழியா குதிச்சு ஓடி, ஏரிக்கரைப் படகுக் கொட்டகைல ஒளிஞ்சிருந்தேன். பனியில என் காலடித் தடம் கிடந்துச்சு. அதை வச்சுப் பிடிச்சுட்டாங்க. முட்டாப்பய நான், அழிச்சுட்டுப் போயிருக்க வேணாம்?” சிரித்தான்.

அடப்பாவி! தடமாம், தடம். அன்றைக்குக் காலையிலிருந்தே பனி கொட்டித் தீர்த்தது. கடமான் கூட்டமே நடந்திருந்தாலும் தடம் நின்றிருக்காது. கொட்டகையைச் சொன்னது அவள். உடன்பிறந்தவர்களைக்கூடப் பையன்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்துப் பேசவிடாத அந்தப் பள்ளியில், வேலியோரமாக அவன் அவளிடம் மட்டும் சொல்லியிருந்த ரகசியம் அது. பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரி அவனை மொட்டையடித்து, பிரம்பால் விளாசி, “உன் அக்காதான் சொன்னாள்” என்று இவள் கண்ணெதிரே அவனிடம் சொன்னாள். அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு அறுபது வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தார்கள். குளிர் எப்படி, மீன் கிடைத்ததா என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. அவள் அதைப் பற்றி வாயெடுத்தாலே அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கோபம் என்றே நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் ஊர் உலகத்துக்கே பொய் சொல்லி அவளைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கண் அப்போதும் காய்ந்தே கிடந்தது.

“வெர்னா, அவன் சொல்றது பொய்.”

“ஐயோ அத்தை, அவர் பேச்சை நாம மாத்த முடியாது. வேணும்னா உங்க பேச்சைப் பதிவு பண்ணலாம். அந்த அறைக்குள்ள வாங்க.”

“யாரைப் பார்த்துப் பேசணும்?”

“உங்களுக்கு யார்கிட்ட சொல்லணுமோ, அவங்களைப் பார்த்து.”

வெர்னா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, வெறும் சுவர். டெல்ஃபீன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி,” என்றாள். “நீ குளிர்ல விறைச்சுச் செத்துப்போயிடுவியோன்னு பயந்துதான்டா சொன்னேன்.”