நாகராஜ் டெம்போ, ஏழாம் வகுப்பு

பேராச்சிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தாராவியில் அந்தச் சந்து முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால் ஏழாம் வகுப்பு என்று ஒன்று இன்றைக்கு இருந்திருக்காது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்கிறவர்கள், ஆங்காரப்படாமல் தாங்கள் எதைச் சாதித்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பேசட்டும்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள் மாடி அறை ஒன்றில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கட்டடம் ஆபத்து, ரிப்பேர் முடிகிறவரை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படியுங்கள், இரண்டே மாதம் என்றது பள்ளியை நடத்தும் டிரஸ்ட். டிசம்பரும் வந்துவிட்டது. ரிப்பேருக்கென்று ஒரு மூட்டை சிமெண்ட் கூட வந்து இறங்கவில்லை. போனைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் பூத்ததுதான் மிச்சம்.

வீட்டிலிருந்தே படியுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். யார் வீட்டில் பிள்ளைக்கென்று தனியாகப் போன் இருக்கிறது? பேராச்சியின் அப்பா நாகராஜ் டெம்போ ஓட்டுகிறவர். விடியுமுன் காய்கறி லோடு ஏற்றிப் போய், ஒன்பதரைக்குத் திரும்பி வந்து படுத்துவிடுவார். அவர் தூங்குகிற நேரத்தில் மட்டும் அவர் போன்தான் ஏழாம் வகுப்பு. அதைச் சுற்றிப் பேராச்சி, டென்சில், மாரிசெல்வி, சுடலைக்கண்ணன் என்று நாலு பேர். பத்துக்குப் பத்து அறையில் அப்பா கால் நீட்டியது போக மிஞ்சிய இடத்தில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவார்கள். வகுப்பில் முப்பத்தொரு பேர், போன் ஒன்பது. எல்லா வீட்டிலும் இதே கூத்துதான்.

டேட்டா தீர்ந்துபோகும் என்று காமிராவை அணைத்தே வைத்திருப்பார்கள். ஜாக்குலின் டீச்சர் ரயிலேறி வரவேண்டிய டோம்பிவிலியில் தன் வீட்டிலிருந்தபடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து வருகை போடுவார். "ஏ டென்சிலு, சுடலைக்கண்ணனுக்கு நீ குரல் குடுக்காத. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" என்பார். லேசுப்பட்ட டீச்சர் இல்லை.

ஆனால் டிரஸ்டுக்கு டீச்சர் போட்ட வருகை செல்லாதாம். ஆப் கொடுக்கிற ரிப்போர்ட்தான் அவர்களுக்கு வேதவாக்கு. அதில் ஏழாம் வகுப்புக்குத் தினமும் ஒன்பது பேர். இருபதுக்குக் கீழே போனால் வகுப்பை மூடிவிடலாம் என்று அவர்களே ஒரு விதியும் வைத்திருந்தார்கள். போன வருஷம் தமிழ் மீடியம் ஐந்தாம் வகுப்பை ஆள் இல்லையென்று மூடியபோது மாரிசெல்வியின் தங்கச்சியை இரண்டு வகுப்பு கீழே இறக்கி இந்தி மீடியத்தில் உட்காரவைத்தார்கள். ஒன்றும் விளங்காமல் பத்து நாள் போய்வந்தாள். இப்போது சட்டைப் பட்டறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறாள்.

"நமக்கும் கத்திரி ரெடியா இருக்குட்டி" என்று மாரிசெல்வி சிரித்துக்கொண்டே சொன்னபோது பேராச்சி சேர்ந்து சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை டிரஸ்ட் செயலாளர் சுரேந்திரன் சார் வகுப்பில் சேர்ந்து ஆள் எண்ணுவார், சாயங்காலம் கமிட்டி முடிவெடுக்கும் என்று மெசேஜ் வந்திருந்த நேரம் அது.

சொன்னபடி வெள்ளிக்கிழமை பத்தரைக்கு சார் வந்தார். திரையில் வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாகத் தெரிந்தார்.

"என்ன டீச்சர் இது? லிஸ்ட்ல ஸ்டூடண்ட் பேரையே காணோமே. நாகராஜ் டெம்போ! யாரு இது? ரெட்மி! சாந்தி மாவு மில்! இவங்கள்லாம் ஏழாம் கிளாஸ் படிக்கிறாங்களா?"

"சார், அது பெத்தவங்க போன் பேரு சார். ஒரு போன்ல மூணு நாலு பிள்ளைங்க…"

"ஒரு லாகின், ஒரு ஸ்டூடண்ட். ரூல் அதுதான். மொத்தம் ஒன்பது."

பேராச்சி மைக்கைத் திறந்துவிட்டாள். "சார், நாகராஜ் டெம்போ எங்க அப்பா. இங்க நாங்க நாலு பேரு இருக்கோம். போனை எண்ணாதீங்க சார், ஆளை எண்ணுங்க."

"யாரும்மா நீ? டீச்சர், என்ன டிசிப்ளின் இது?" என்றார் சார். அடுத்த நொடி ஒன்பது போனும் ஊமையாகிப்போனது. எல்லோர் வாயையும் ஒரே அமுக்கில் அடைத்துவிட்டார் மனுஷன்.

பேராச்சிக்குக் காது மடல் வரை சுட்டது. அடைத்தது வாயைத்தானே! காமிராவைத் திறந்து தன் மூஞ்சியைக் காட்டினாள். பிறகு டென்சிலின் பிடரியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மாரிசெல்வியும் சுடலைக்கண்ணனும் தாங்களே தலையை நீட்டினார்கள். அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் காமிரா திறந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று தலை, நாலு தலை, மூக்கு மட்டும் தெரிகிற தலை.

சார் அசையவில்லை. "தெருவுல போற பிள்ளைங்களைக் கூப்பிட்டு மூஞ்சியைக் காட்டினா நான் நம்பணுமா?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவர் குனிந்தபோதுதான் பின்னால் இருந்த பச்சை பீரோ முழுசாகத் தெரிந்தது. கதவின் நடுவில் ஓர் ஒடுக்கு. பேராச்சி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏல சுடலை, அது நீ பந்தடிச்சு ஒடுக்குன பீரோதான?"

"நான் வேணும்னு ஒடுக்கலட்டி" என்றான் சுடலைக்கண்ணன், பழைய பயத்தில்.

"அட மூதி! அது நம்ம ஸ்கூல் ஆபீஸ்தான். அவரு ஸ்கூலுக்குள்ள உக்காந்துக்கிட்டுதாம்ல பேசுதாரு. ஃபேன் ஓடுது பாரு."

பிள்ளைகள் காலெடுத்து வைத்தால் இடிந்து விழும் என்று ஆறு மாதமாகச் சொன்ன கட்டடத்தில், நாற்காலி போட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். பேராச்சிக்கு வந்த கோபம் அழுகைக்குப் பக்கத்து வீட்டுக் கோபம். ஆனால் அழவில்லை. நோட்டைத் திறந்து, பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதி, காமிராவுக்கு நேரே பிடித்தாள்: ஸ்கூல் கேட்டுக்கு வாங்க. இப்பவே.

ஒவ்வொரு கட்டமாக ஆடத் தொடங்கியது. பிள்ளைகள் போனோடு எழுந்து ஓடுகிறார்கள் என்று அர்த்தம். சார் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்கட்டி போனைத் தூக்கிட்டு ஓடுத?" என்று எழுந்து உட்கார்ந்தார் நாகராஜ்.

"ஒங்களை ஏழாங்கிளாஸ்ல சேத்துட்டாங்கப்பா. வந்து என்னன்னு கேளுங்க!"

மனுஷனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் லோடு சொல்லுகிற போன் அல்லவா தெருவில் ஓடுகிறது! லுங்கியை மடித்துக் கட்டித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். டென்சில் ஓடிக்கொண்டே நடந்ததைச் சொல்லச் சொல்ல, நாகராஜின் நடை வேகமானது. கேட்டை அடைந்தபோது அவர்தான் முன்னால் இருந்தார்.

சந்துக்குச் சந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். காவலுக்கு நின்ற வாசிம் கம்பைக் குறுக்கே நீட்டி, "ஸ்கூல் பந்த் ஹை" என்றார்.

"பந்த்னா உள்ள கார் எப்படி வந்துச்சு பாய்?" என்று பேராச்சி இந்தியில் கேட்டாள். வாசிம் காரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கம்பை இறக்கிவிட்டார்.

இருபத்தேழு பேர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். ஒன்பது போனும் சாருடைய லேப்டாப்பும் ஒரே இடத்தில் கூடியதும் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பிற்று பாருங்கள், சார் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

"யார் உங்களை உள்ள விட்டது? போங்க வெளியே!"

நாகராஜ் முன்னால் போய்க் கும்பிட்டார். "சார், நாகராஜ் டெம்போ யாருன்னு கேட்டீங்களாம்லா. நான்தான். என்னைய கணக்குல இருந்து எடுத்துருங்க. நான் மூணாங்கிளாஸோட நின்னுட்டேன். எம்பிள்ளையச் சேத்துக்கோங்க."

சார் வாயைத் திறக்குமுன் பேராச்சி லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள். "டீச்சர், நாங்க எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். நீங்க வருகை எடுங்க."

டோம்பிவிலிப் பக்கத்தில் சத்தமே இல்லை. டீச்சருக்கும் வேலை பயம் உண்டுதானே? அந்த நாலு வினாடி பேராச்சிக்கு நாலு வருஷமாகப் போயிற்று. டீச்சரும் கைவிட்டுவிட்டால் கதை முடிந்தது, கத்திரிதான்.

"நம்பர் ஒண்ணு, அருள்மேரி" என்றது ஜாக்குலின் டீச்சரின் குரல். கையில் ரிஜிஸ்டர் கூட இல்லை, ஞாபகத்திலிருந்தே கூப்பிட்டார்.

"இருக்கேன் டீச்சர்!"

"ரெண்டு, இசக்கிமுத்து."

"இருக்கேன் டீச்சர்!"

ஒவ்வொருவராக முன்னால் வந்து, சாரின் கண்ணுக்கு நேரே நின்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சுடலைக்கண்ணன் முறை வந்தபோது டென்சில் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். சுடலைக்கண்ணனே கத்தினான், பீரோ அதிர்ந்தது. ஊருக்குப் போன நாலு பேரைத் தவிர அத்தனை பேரும் இருந்தார்கள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இருபத்தேழுன்னு எழுதிக்கிறேன். வகுப்பை மூடலை. போதுமா? இப்ப எல்லாரும் வீட்டுக்குப் போய் ஆன்லைன்ல உக்காருங்க. கட்டடம் ஆபத்து."

பேராச்சி தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். "ஒங்க தலையில விழாத கூரை எங்க தலையில மட்டும் விழுமா சார்? மாடிய பூட்டி வையுங்க. எங்க கிளாஸ் கீழதான இருக்கு."

சாரின் கை தன்னாலே லேப்டாப் பக்கம் போயிற்று. போய் என்ன செய்ய? எதிரில் நிற்கிற பிள்ளையின் வாயை அடைக்க அதில் பொத்தான் இல்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

பிறகு திரும்பி நடந்தாள். பக்கத்து அறைதான் ஏழாம் வகுப்பு. தாழ்ப்பாளை நாகராஜ் தட்டித் திறந்தார். ஒரே தூசி. இருபத்தேழு பேரும் தும்மிக்கொண்டே அவரவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பேராச்சியின் கையிலிருந்த போனில் ஜாக்குலின் டீச்சர் பேசினார், மூச்சு வாங்கியது. செருப்பு மாட்டுகிற சத்தமும் கேட்டது.

"நான் ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டேன். அடுத்த ஸ்லோ டிரெய்ன் புடிச்சாலும் ஒன்றரைக்குள்ள வந்துருவேன். நான் வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் ஒருத்தரும் எந்திரிக்கப்படாது. பேராச்சி, போர்டைத் தொடைச்சு வை."

போர்டின் மூலையில் ஜூன் மாதத் தேதி இன்னும் அழியாமல் இருந்தது. அப்பாவின் துண்டை வாங்கி அழுத்தித் துடைத்தாள். சாக்பீஸ் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து அன்றைய தேதியை எழுதினாள். சுரேந்திரன் சார் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தேதிக்குக் கீழே எழுதினாள்:

பதிவு 31. வருகை 27.