நிரை பிடித்த மீன்தொட்டி

தங்கை மகளின் பிரசவத்துக்காகப் பீடோருக்குப் புறப்பட்டபோது என் மனைவி கருப்பம்மாள் என்னிடம் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தாள், அவளுடைய மீன்தொட்டியை.

"கறுப்பு மோலி வயித்த தள்ளிக்கிட்டு இருக்கு. காலையில ஒரு சிட்டிகை தீனி போடுங்க. வேற எதுலயும் கைய வைக்காதீங்க லா."

அத்தோடு நிறுத்திக்கொள்ள நான் என்ன சாதாரண ஆளா? பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் மண்டோராக இருந்தவன். நாற்பது பேரை மேய்த்தவனுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்? கம்பெனி தோட்டத்தை விற்றபின் ஈப்போவுக்கு வந்து, ஒரு பேரங்காடி வாசலில் காவலுக்கு நிற்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எனக்குள் இருந்த மண்டோர் வேலை தேடிக்கொண்டேதான் இருந்தான்.

தொட்டியைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அடியில் கறுத்த மண். அதில் செடிகள் இஷ்டத்துக்கு முளைத்துக் கிடந்தன. துரை வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? எந்தத் துரை என்று கேட்காதீர்கள்.

அவள் திரும்புவதற்கு முதல் நாள் லகாட்டுக்குப் போய், கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டையோரம் இரண்டு வாளி வெள்ளை மணல் அள்ளி வந்தேன். மீன்களைப் பேசினில் விட்டேன். பழைய தண்ணீரை வாளிகளில் இறைத்து, கறுத்த மண்ணை வழித்து வீட்டுக்குப் பின்னால் கொட்டினேன். புது மணலை ஏழு முறை அலசிப் பரப்பி, மலைக்காட்டில் வெட்டுவதுபோல் கூழாங்கல்லால் படிகள் கட்டினேன். ஈர்க்குச்சி குத்தி, நூல் பிடித்து, மூன்று விரல் இடைவெளியில் செடிகளை நட்டேன். ஐந்து நிரை, நிரைக்கு எட்டு. வாழைக்கு வாங்கிய உரத்தில் ஒவ்வொரு தூருக்கும் ஒரு கிள்ளு வைத்தேன். ரப்பர் கன்றுக்கு வைத்தவன் இதற்கு வைக்காமல் விடுவேனா? குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களைத் திரும்ப உள்ளே விட்டேன்.

மறுநாள் காலை கப்பி மீன்கள் இரண்டும் மல்லாந்து மிதந்தன. மோலி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கருப்பம்மாள் சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள்.

பையைப் போட்டுவிட்டுத் தண்ணீரை முகர்ந்தாள். "என்னாத்த போட்டீங்க?"

"உரம்..."

"பழைய தண்ணி எங்க?"

"பின்னாடி வாளியிலதான் இருக்கு. ஊத்தணும் ஊத்தணும்னு..."

என் வாழ்க்கையில் சோம்பேறித்தனம் உருப்படியாக ஒரு உயிரைக் காப்பாற்றியது அன்றுதான். மோலியைக் கையிலேந்திப் போய் அந்த வாளியில் விட்டாள். அரை மணி நேரத்தில் அது கீழே இறங்கி நீந்தியது. அப்புறம்தான் அவள் தொட்டியை நிதானமாகப் பார்த்தாள்.

"ரப்பர் காட்டுல பால் வெட்டுன பதினஞ்சு வருசமும் நீங்க காட்டுன நிரையிலதான் நடந்தேன். ஒரு மரம் தள்ளி நின்னா பேரச் சொல்லிக் கத்துவீங்க. வீட்டுலயாச்சும் கோணலா ஒரு எடம் இருக்கட்டும்னு வச்சேன்."

கத்தியது எனக்கும் ஞாபகம் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மற்றவர்களைவிட அவளைத்தான் சத்தமாகக் கூப்பிடுவேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அதை நேர்மை என்று நினைத்துப் பெருமையும் பட்டிருக்கிறேன். அன்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறுத்த மண்ணைத் திரும்ப அள்ளிச் சலித்தேன். மண்டோர் கூலியாகியிருந்தான். வாளியில் மோலி குட்டி போட்டிருந்தது, புள்ளி புள்ளியாக. கருப்பம்மாள் செடிகளை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே நடுங்க. கண்ண மூடிக்கிட்டு."

கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் நட்டேன். ஒரு மாதிரி விடுதலையாகக்கூட இருந்தது. கண்ணைத் திறந்தேன். நூல் பிடித்ததுபோல் ஒரே நேர்க்கோடு.

கருப்பம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோட்டத்தில் ஒருநாளும் நான் கேட்காத சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் தொட்டிக்குள் கையை விட்டு, ஒரே ஒரு செடியை மட்டும் பிடுங்கித் தள்ளி நட்டாள்.

"மத்தது இருக்கட்டும்" என்றாள்.