சோடா அரித்த பல்

கதவை உதைத்துக்கொண்டு பாண்டிச்செல்வம் உள்ளே வந்தபோது டாக்டர் பியூலா கை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் இராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்ப்பவன். அடிதடியில் முறிந்த அவனுடைய முன்பற்கள் இரண்டையும் எட்டு மாதத்துக்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் இந்தச் சின்னப் பல் ஆஸ்பத்திரியில் அவள்தான் பல் நிறத்துப் பூச்சு வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"என்னத்தம்மா வச்சு அடைச்ச? பொண்ணு வீட்டுல, மாப்பிள்ள பான்பராக்கு போடுவாரான்னு கேக்காக. வேண்டாம்னுட்டாக!"

உதட்டைத் தூக்கிக் காட்டினான். கட்டிய பற்கள் இரண்டும் பழுப்பேறிக் கிடந்தன.

"உக்காருங்க, பாக்கேன்."

கையுறை மாட்டித் தடவினாள். கண்ணாடிபோல் தேய்த்துவிட்ட இடம் அரமாகச் சொரசொரத்தது.

"சோடா, கலரு குடிக்கியளா?"

"மில்லுல வேக்காடு. ஷிப்டுக்கு நாலு பாட்டில் லெமன் சோடா ஓடும். அதுக்கென்ன?"

"அந்தப் புளிப்புதான் மேல்பூச்ச அரிச்சிருக்கு. சொரசொரத்தா கறை புடிக்கும். சோடா வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். பாலிஷ் போட்டா தெளிஞ்சிரும்."

"அப்ப கொற எம்மேலயா?"

அவள் மறுபடியும் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். அவன் கடித்தான்.

பல் எலும்புவரை இறங்கியது. பியூலா அலறினாள். உதவிக்கு நின்ற வெள்ளைத்தாய் ஸ்டூலைத் தூக்கி அவன் தோளில் போட்டாள். அவன் காலை வீசினான்; அவள் கருவித் தட்டையும் இடித்துக்கொண்டு போய் அலமாரியில் மோதி விழுந்தாள். கண்ணாடி நொறுங்கியது. பியூலா மற்றக் கையால் அவன் மூக்கைப் பொத்தி நெரித்தாள். மூச்சு முட்டி வாய் திறந்தது. விரலை உருவியதும் அவள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

சத்தம் கேட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவனைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். ஒருவன் செங்கல்லால் வாயிலேயே இடித்தான். ரத்தம் சொட்டும் கையோடு பியூலா நடுவில் பாய்ந்தாள்.

"அடிக்காதிய! செத்துருவான்!"

கட்டிய பற்களோடு சொந்தப் பற்கள் மூன்றும் மண்ணில் கிடந்தன.

பியூலாவின் விரலில் ஒன்பது தையல். போலீஸ் ஸ்டேஷனில் அவனுடைய அண்ணன் சேதுபதி கும்பிட்டான்.

"நீங்கதான் அவன் உசுரக் காப்பாத்துனிய. கேச விட்டுருங்கம்மா."

"சாவ விட மனசில்ல. அதுக்காக விட்டுருவேனா?" என்று கட்டுப்போட்ட கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு புகாரில் கையெழுத்திட்டாள்.

மாதம் ஒன்றாகியும் அந்த விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்பவில்லை. பியூலா இப்போது நடுவிரலால் பல்லைத் தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.