பாரிஸில் பிடே உள்ள வீடு

பாரிஸில் பத்து நாள் தங்க ஒரு வாடகை வீடு பார் என்று மகளிடம் சொன்னபோது அசுந்தா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கோபுரம் தெரிய வேண்டாம், பால்கனி வேண்டாம், லிஃப்ட்கூட வேண்டாம். பிடே இருந்தால் போதும்.

பிடே என்பது கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்திலேயே, அதன் தங்கச்சி மாதிரி தாழ்வாக உட்கார்ந்திருக்கும் கழுவு தொட்டி. குழாய் உண்டு, சோப்பு உண்டு, அதற்கென்றே தனியாக ஒரு சின்னத் துண்டு உண்டு. வீடு கட்டினால் பிடே வைத்தாக வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கும் நாடு இத்தாலி. அதிலும் தெற்கே, தாரந்தோவில், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், பாதிரியாரைத் திட்டுவார்கள், பிடேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார்கள்.

மகள் மரிலேனா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாற்பது வயது. பொறுமைசாலி என்று பெயர் எடுத்து, அந்தப் பெயரைக் காப்பாற்றவே பாதி ஆயுளைத் தொலைத்தவள். மூன்று நாளாக மடிக்கணினியில் வாடகை வீடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முடி உலர்த்தும் கருவி வேண்டுமா, நாயைக் கூட்டி வரலாமா, தொட்டில் வேண்டுமா, நீச்சல் குளம் வேண்டுமா என்றெல்லாம் அந்தத் தளம் கேட்டது. பிடே வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டின் குளியலறைப் படத்தையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டியிருந்தது. ஒரு பாரிஸ் துப்புரவுத் தொழிலாளிகூட அத்தனை கழிப்பறையைப் பார்த்திருக்கமாட்டார். சந்தேகம் வந்த இடங்களில் எழுதியும் கேட்டாள். "எங்களிடம் அருமையான ஷவர் இருக்கிறது" என்று ஒருவர் பதில் போட்டார். "அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று இன்னொருவர் பயந்துபோய்க் கேட்டிருந்தார்.

இத்தனை பாடும் எதற்கென்றால், பாரிஸில் அவள் தம்பி சவேரியோ இருக்கிறான். அம்மாவும் அவனும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏப்ரலில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை அசுந்தா இதுவரை மரிலேனாவின் கைப்பேசியில், அதுவும் தற்செயலாகப் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறாள்.

சண்டையின் மூலகாரணமும் அந்தப் பீங்கான்தான். முந்தின கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் சவேரியோ தன் பாரிஸ்காரி சொலேனை வீட்டுக்குக் கூட்டி வந்தான். ஃபிரிட்ஜ் நிறைய மீன், பால்கனி நிறையச் சிப்பிக் கூடை. வெள்ளை வைன் பாட்டில்களை அவள் கையில் கொடுத்து, எங்கேயாவது குளிர வை என்று அசுந்தாவே சைகை காட்டினாள். சொலேன் வீடு முழுக்கச் சுற்றினாள். குளியலறையில் பளபளவென்று ஒரு தொட்டியைக் கண்டாள், குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டாள், ஐஸைக் கொட்டினாள், ஆறு பாட்டிலையும் அழகாக அடுக்கினாள். அவள் பிறந்த வீட்டில் அப்படி ஒரு தொட்டியில் துளசி வளர்ந்ததாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அசுந்தாவின் அண்ணன் ஒரு பாதிரியார். அவர் மூன்றாவது கோப்பையை முடித்து, "இந்தக் குளிர்ச்சி எப்படிம்மா வந்துச்சு?" என்று மெச்சிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் எதையும் மெச்சவில்லை. "எங்க கழுவறதுன்னு தெரியாதவளோடயா நீ குடும்பம் நடத்தப்போறே?" என்று அசுந்தா எல்லோர் முன்னாலும் மகனைக் கேட்டாள். "அவ தெரியாம செஞ்சாம்மா. நீ தெரிஞ்சே பேசறே" என்று சொல்லிவிட்டு அவன் சொலேனைக் கூட்டிக்கொண்டு அன்றைய ரயிலிலேயே போய்விட்டான்.

இப்போது அசுந்தாவே பாரிஸுக்குப் போகலாம் என்கிறாள். சுற்றிப் பார்க்கத்தானாம். "அவ வீட்டுல கால் வைக்கமாட்டேன். தனி வீடு எடு. நாம வந்திருக்கறது எப்படியோ காதுல விழுந்து அவன் வந்து பார்த்தா, அது அவன் பாடு. நீ மட்டும் அவங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது." ஊரைக் காக்கும் புனிதர் கத்தால்தோ மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். ஆகஸ்டில்தான் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை, ஆகவே பயணம் ஆகஸ்டில். இன்றைக்கு வீடு முடிவாகாவிட்டால் அம்மா மனசை மாற்றிக்கொள்வாள் என்பது மரிலேனாவுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, பாட்டி என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் வளரும்.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்தாயிற்று. அடுப்பில் காலையிலிருந்து குழம்பு கொதிக்கிறது. அசுந்தா சமையல் மேஜையில் மாவைத் துண்டு துண்டாக வெட்டி, கத்தி முனையால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்துச் சின்னச் சின்னக் காது போல ஒரெக்கியெத்தே பாஸ்தா செய்துகொண்டிருந்தாள். எதிரே அப்பா கோசிமோ. நாற்பது வருஷம் ஊர் முழுக்கக் குழாய் மாட்டி ஓய்வு பெற்றவர்.

"முதல் வீடு. ஜன்னலைத் திறந்தா தேவாலயம் தெரியுது" என்று மரிலேனா திரையைத் திருப்பினாள்.

"குளியலறையைக் காட்டுடி."

காட்டினாள்.

"எங்க பிடே?"

"இதுல இல்லம்மா. ஆனா ஷவர்..."

"அப்ப இங்க குடியிருக்கறவங்க என்னதான் பண்றாங்க?"

"காகிதம்" என்றார் கோசிமோ.

"தரையில குழம்பு கொட்டினா காகிதத்தால துடைச்சிட்டு விட்டுடுவியாய்யா? தண்ணி போட்டுக் கழுவமாட்டே? தரைக்கு இருக்கற மரியாதை மனுஷனுக்கு இல்லையா?"

"இந்தச் சாமானைக் கண்டுபிடிச்சதே பிரெஞ்சுக்காரங்கதான். தூக்கிப் போட்டதும் அவங்கதான்" என்ற கோசிமோ படத்தை உற்றுப் பார்த்தார். "வாஷ்பேசின் குழாயைப் பாரு, பிளாஸ்டிக்குல போட்டிருக்கான் திருட்டுப்பய."

இரண்டாவது வீட்டில் கழிப்பறை ஒரு அலமாரி மாதிரி நடையின் ஒரு கோடியில் இருந்தது. கை கழுவும் இடம் மறுகோடியில். "அப்படியே கையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போகணுமா?" என்று கேட்டாள் அசுந்தா. கழிவுக் குழாய் மேடேறிப் போகிறது என்றார் கோசிமோ.

மூன்றாவது வீட்டில் ஷவரே சமையலறைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"குளிச்சுக்கிட்டே முட்டை பொரிக்கலாம்" என்று கோசிமோ சிரித்தார்.

"நீ பேசாம இருய்யா. அடுத்தது காட்டு."

நாலாவது வீட்டில் பிடே இருந்தது! மரிலேனா காலையிலேயே கண்டுபிடித்து, துருப்புச் சீட்டாக வைத்திருந்த வீடு. அசுந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"உள்ள என்னடி பச்சையா?"

"செடிம்மா. எடுத்துடச் சொல்லலாம்."

"மண்ணுமா?"

"மண்ணும்தான்."

"அடியே, செடியைப் பிடுங்கி, மண்ணை அள்ளி, புழுவை விரட்டிட்டு அப்புறமா நான் உட்காரணுமா? விடு. போக வேணாம். நமக்குக் குடுத்து வைக்கல."

இதற்குத்தான் மரிலேனா பயந்துகொண்டிருந்தாள். அம்மாவின் குரலில் கோபத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. மகனிடம் போய் நிற்கும் தைரியம் இல்லாதவளுக்கு இந்தப் பீங்கான் நல்ல சாக்கு. எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அதற்குப் பதிலாக, நேற்றுவரை இல்லாத வீடு ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை தேடினாள். ஒன்று இருந்தது. நகரத்தின் கிழக்கே, நாலாம் மாடி. வீட்டுக்காரர் பெயர் முழுதாக இல்லை, வெறும் 'எஸ்' என்ற எழுத்து. குளியலறைப் படத்தில், வெள்ளை ஓடுகளுக்கு நடுவே, புத்தம் புதிதாக ஒரு பிடே. செடி இல்லை, மண் இல்லை.

"அம்மா, இதைப் பாரு."

அசுந்தா பார்த்தாள். குறை சொல்லவில்லை. மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "பக்கத்துல தொங்குதே, அந்தச் சின்னத் துண்டு. அதைப் பெருசாக்கு" என்றாள்.

மரிலேனா பெரிதாக்கினாள். வெள்ளைத் துண்டின் ஓரத்தில் நீல நூலில் அதே 'எஸ்' எழுத்து பின்னியிருந்தது.

"அந்த எழுத்தோட வால் கோணலா இருக்குல்ல?"

"ஆமா."

"கண் ஆபரேஷன் ஆன புதுசுல பின்னினது. ஆறு துண்டு. அவன் பாரிஸுக்குக் கிளம்பறப்போ பெட்டியில நானே அடுக்கினேன்." அசுந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தத் துண்டுகளை அந்தப் பெண் சமையலறைக் கரித்துணியாக்கியிருப்பாள் என்று ஒன்றரை வருஷமாகத் தெரு முழுக்கச் சொல்லி வந்தவள் அவள். துண்டோ, தொங்க வேண்டிய இடத்தில், தொங்க வேண்டிய உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை பிறப்பதற்கு முன்பே வீடு மாறியதாகத் தம்பி சொல்லியிருந்தான். அவன் அனுப்பும் படங்களில் குழந்தையின் முகத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. மரிலேனாவுக்கு எப்படித் தெரியும்? அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் பார்வை மெல்ல அப்பா பக்கம் திரும்பியது. கோசிமோ மேஜையில் இருந்த மாவுக் காதுகளை எண்ணுவது போலக் குனிந்திருந்தார்.

"யோவ், முதல் ரெண்டு வீட்டுலயும் குழாய் சரியில்லைன்னே. இதுல எப்படி?"

"பரவால்ல."

"பரவால்லையா? உன் வாயிலேருந்தா? நிமிர்ந்து என் மூஞ்சியைப் பாருய்யா."

கோசிமோ நிமிர்ந்தார். சனிக்கிழமைதோறும் சீட்டாடப் போவதாகச் சொல்லிவிட்டு, துறைமுகத்தில் தன் பழைய வண்டிக்குள் உட்கார்ந்து கைப்பேசி வழியாக மகனுக்குக் குழாய் மாட்டச் சொல்லிக்கொடுத்த கதை அப்புறம் துண்டு துண்டாக வந்தது. "உன் பிள்ளைக்கு ஸ்பானர் எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியல. மூணு வாரம் ஒழுகுச்சு. கடைசியில வயித்துல புள்ளையோட அந்தப் பொண்ணுதான் தரையில உட்கார்ந்து இறுக்கினா."

"அவளா?"

"பிடே வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னதே அவதான். 'உங்க அம்மா ஒரு நாள் வருவாங்க, வந்தா எங்க கழுவுவாங்க'ன்னு கேட்டாளாம்."

அசுந்தா மறுபடி மாவை எடுத்தாள். இரண்டு காது செய்தாள். இரண்டும் தடியாக வந்தன.

அதற்குள் மரிலேனா வீட்டைப் பற்றிய குறிப்பைப் படித்திருந்தாள். படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, ஆகஸ்ட் பத்துலேருந்து இருபது வரைக்கும் மட்டும்தான் வாடகைக்கு விடறாங்க. அந்தப் பத்து நாளும் அவங்க குடும்பத்தோட கடலோரம் போறாங்களாம், அவ அப்பா அம்மா வீட்டுக்கு."

ஆகஸ்ட் வந்தால் தாரந்தோக்காரன் கடையை மூடுவான் என்று தெரிந்த இவர்களுக்கு, பாரிஸ்காரனும் மூடிவிட்டு ஓடுவான் என்பது தோன்றவே இல்லை. இத்தனை தேடிக் கண்டுபிடித்த வீடு, தம்பி அதில் இல்லாததால்தான் கிடைக்கிறது. அவன் கட்டிலில் படுத்து, அவன் பிடேயில் கழுவி, அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வரலாம். மரிலேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியமாவது மண்ணாவது, இப்போதே தம்பியைக் கூப்பிடுகிறேன் என்று கைப்பேசியை எடுத்தாள்.

"அதை வை. வீட்டுக்காரங்களுக்கு எழுதற இடம் இருக்குமே, அதைத் திற" என்றாள் அசுந்தா. "நான் சொல்றதை அப்படியே எழுது. நம்ம பாஷையிலயே எழுது. 'வீட்டுக்காரங்களுக்கு வணக்கம். நாங்க மூணு பேர். ஒழுங்கான குடும்பம். சத்தம் போடமாட்டோம்.'"

கோசிமோ இருமினார்.

"'கொஞ்சம் சத்தம் போடுவோம்'னு மாத்திக்க. 'வீடு பிடிச்சிருக்கு. குளியலறை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா வீட்டுக்காரங்க இல்லாத வீடு எங்களுக்கு வேணாம். எங்களுக்கு இடம் ஜாஸ்தி தேவைப்படாது. தரையில கூடப் படுத்துக்குவோம்.' அவ்வளவுதான். கீழ என் பேரைப் போடு. முழுப் பேரு."

மரிலேனா அனுப்பினாள். தண்ணீர் கொதித்தது. அசுந்தா மாவுக் காதுகளைப் போட்டாள், உப்பை மறந்தாள், பிறகு இரண்டு தடவை போட்டாள். அந்த ஏழு நிமிஷத்தில் அவளுடைய எழுபது வயதும் முகத்தில் தெரிந்தது. அவள் மடிக்கணினியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் காது அங்கேதான் இருந்தது. பெற்ற மகன் 'வராதே' என்று எழுதிவிட்டால் என்ன செய்வது?

மடிக்கணினியில் மணி ஒலித்தது. எழுதியது மகன் இல்லை, சொலேன். தப்பும் தவறுமான இத்தாலிய மொழியில் எழுதியிருந்தாள். மரிலேனா உரக்கப் படித்தாள்.

"அசுந்தா அம்மாவுக்கு. வீட்டை வாடகைக்கு விடுவதாகப் போட்டிருந்ததை எடுத்துவிட்டோம். கடல் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வருஷம் போய்க்கொள்கிறோம். நீங்கள் எங்கள் கட்டிலில் படுங்கள். சவேரியோ இதைப் படித்துவிட்டுச் சமையலறையில் அழுதுகொண்டிருக்கிறார், அதனால்தான் நான் எழுதுகிறேன். வைன் இந்தத் தடவை ஃபிரிட்ஜில் இருக்கும்."

கோசிமோதான் முதலில் வெடித்துச் சிரித்தார். அசுந்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பொங்கி வழியும் பாத்திரத்தை மரிலேனாதான் இறக்கி வைத்தாள்.

பிறகு அசுந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"யோவ் கோசிமோ, போறப்போ நம்ம ஊர்ச் சிவப்பு வைனே நாலு பாட்டில் எடுத்துக்க" என்றாள். "அதைக் குளிர வைக்கவே வேணாம். பாவம், அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்."