ஒரு பெயருக்கு ஒரு புக்கிங்

குமாசியில் சனிக்கிழமை என்றால் சாவு வீடுதான். சிவப்பும் கறுப்பும் உடுத்திய ஊர், ஏதாவது ஒரு ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அந்த ஷாமியானாக்களில் பாதி மேடம் அச்சியாவின் கிடங்கிலிருந்து போனவை. நாற்காலி, ஒலிபெருக்கி, அண்டா எல்லாம் அவர் வாடகைக்கு விட்டார்.

புக்கிங்குகளைப் பார்த்துக்கொள்ள அவருக்கென்று ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் மழைக்காலம் முடியட்டும் என்றார்கள். பாந்தாமாவில் ஒரு வாடகை அறையில் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்த செர்வா வேறு மாதிரி பேசினாள்.

"நான் ஒண்ணொண்ணா உக்காந்து எழுத மாட்டேன், மேடம். என்னென்ன விவரம் வேணும்னு டேட்டாபேஸ்கிட்ட சொல்லிட்டா போதும். திரையெல்லாம் அதுவே போட்டுக்கும். அடுத்த வாரமே காட்டறேன்."

சொன்னபடி காட்டினாள். கிடங்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து திரையை எட்டிப் பார்த்தார்கள். மேடத்தின் தோழி, பேக்கரிக்கார மேடம் யெபோவாவும் வந்திருந்தார். அவருக்கும் இதே போல ஒன்று வேண்டும் என்ற யோசனை இருந்தது.

மேடம் அச்சியாவுக்கு ஒரே ஒரு பெரிய குறை. செத்தவருக்காகத் தாய்வழிக் குலத்தார் ஒருமுறை கூப்பிடுவார்கள். அவர்களோடு பேச்சு இல்லாத பிள்ளைகள் தனியாக ஒருமுறை கூப்பிடுவார்கள். ஒரே வாசலுக்கு இரண்டு லாரி போய் நிற்கும். ஒன்று வெறுமனே திரும்பி வரும்.

செர்வா டீயைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே ஒரே வரியில் ஒரு விதியைச் சேர்த்தாள். இறந்தவர் ஒருவருக்கு ஒரு புக்கிங்தான். அதே பெயரில் இன்னொன்று வந்தால் முதலாவதை அழித்துவிட்டு அதன் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காருமுன் 'மாற்றட்டுமா' என்று கேட்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் வைத்திருக்கலாம். கேள்வி கேட்காமல் சட்டென்று நடந்தால்தான் பார்க்க அழகாயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"நான் இத்தனை வருஷமா கத்திக்கிட்டிருந்ததை இந்தப் பொண்ணு டீ ஆறறதுக்குள்ள முடிச்சுட்டா" என்றார் மேடம் அச்சியா. எல்லோரும் கை தட்டினார்கள். செர்வாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

போனை எடுப்பதும் புக்கிங்கைப் பதிவதும் போக்குவாவின் வேலை. புருஷன் போன பிறகு இந்தக் கிடங்கின் சம்பளத்தில்தான் அவள் பிள்ளைகளை வளர்த்தாள். கம்ப்யூட்டரைக் கண்டு முதலில் பயந்தாள். செர்வா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த பிறகு ஒரு விரலால் தட்டப் பழகிக்கொண்டாள்.

தப்பு ஒரு சனிக்கிழமை வெளியே வந்தது. தாஃபோவில் தவியா என்ற முதியவளுக்கு ஒருவாரக் கூடல். செத்த வாரத்திலேயே உற்றார் கூடி உட்கார்ந்து, அடக்கம் எப்போது என்று அறிவிக்கும் நாள் அது. ஷாமியானா வரவில்லை. நாற்காலியும் வரவில்லை. சர்ச் பெண்கள் சுவரோரத்தில் ஒண்டினார்கள். வயதானவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். மேடம் அச்சியாவின் போன் ஓயவில்லை. ஏச்சுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர் குரல் கம்மிவிட்டது.

செர்வாவை வரச் சொன்னார். அவள் போனபோது யெபோவாவும் அங்கே இருந்தார். போக்குவா கம்ப்யூட்டருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் தவியாவின் பெயர் இருந்தது. தேதி மட்டும் ஏப்ரல் மாதத்தில் இருந்தது. அதற்குக் கீழே, யார் எதைத் தொட்டாலும் டேட்டாபேஸ் தானாகவே போட்டுக்கொள்ளும் வரி: கடைசியாக மாற்றியவர், போக்குவா, வியாழக்கிழமை.

"உன் பேருதானே நிக்குது?" என்றார் மேடம். "வியாழக்கெழம நீதானே தொட்டிருக்க?"

செர்வாவுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. முதலில் குலத்தார் கூப்பிட்டு ஒருவாரக் கூடலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை பிள்ளைகள் கூப்பிட்டு, அறிவிக்கும் முன்பே பேசிவைத்திருந்த ஏப்ரல் அடக்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். போக்குவா இரண்டையும் சரியாகத்தான் பதிந்திருக்கிறாள். ஒரே பெயர் என்பதால் விதி இரண்டாவதை முதலாவதன் மேல் உட்காரவைத்துவிட்டது.

ஒரு சாவுக்கு ஒரு கூட்டம் என்று இந்த ஊரில் யார் சொல்வார்கள்? ஒருவாரம், அடக்கம், அதன்பின் வருஷ நினைவு. செர்வாவே தன் பெரியம்மாவுக்காக மூன்றிலும் கறுப்புத் துணியோடு உட்கார்ந்தவள்தான். மென்பொருளைச் சோதித்தபோது தானே இட்டுக்கட்டிய பெயர்களைத்தான் போட்டுப் பார்த்தாள். அந்தப் பெயர்களுக்காக அழ யாரும் இல்லை. ஒருமுறை செத்து ஒருமுறை புக்கிங் செய்துகொண்டு அவை பேசாமல் இருந்தன.

"மெஷின்ல தப்பு ஏதும் இருக்குமா?" என்று மேடம் கேட்டார்.

யெபோவா செர்வாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதிய அடிக்கறப்போ கொஞ்சம் பாத்து அடிக்கணும், மேடம்" என்றாள் செர்வா.

அது பொய்யில்லை, யாரானாலும் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தவள் அப்படியே மூடிவைத்துவிட்டாள்.

இப்படி ஒரு அவமானத்தைப் போனில் மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது. மதுப் புட்டியோடு போய்க் குலத்தாரின் முன் நிற்க வேண்டும். திங்கட்கிழமை மேடம் அச்சியா ஒரு ஜின் புட்டியையும் போக்குவாவையும் காரில் ஏற்றிக்கொண்டார். மெஷினைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று செர்வாவையும் கூப்பிட்டார். தவறு செய்தவளை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று அங்கே சொல்லப்போவதாகப் போகிற வழியில் சொன்னார். போக்குவா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

குலத் தலைவர் ஓபிரி திண்டு வைத்த நாற்காலியில் இருந்தார். அவர் நேரே பேசுவதில்லை. பக்கத்தில் இருந்த பேச்சுக்காரர்தான் அவருடைய வாய். புட்டி மேசைக்குப் போனது. போக்குவா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முன்னால் போய் நின்றாள்.

"பெரியவர் கேக்கறாரு" என்றார் பேச்சுக்காரர். "எங்க தவியாவுக்காக வந்தவங்க வெயில்ல நின்னாங்க. இது யார் செஞ்ச வேலை?"

"என் கைதான் ஐயா தப்பு பண்ணிடுச்சு" என்றாள் போக்குவா.

பயத்தில் ஒப்புக்கொள்கிறாள் என்றுதான் செர்வா முதலில் நினைத்தாள். அந்தக் குரலில் பயம் இல்லை. அவள் அதை நம்பிவிட்டாள். தன் கைதான் செய்தது என்று முழுசாக நம்பிக்கொண்டு நிற்கிறாள்.

செர்வா குனிந்து தன் செருப்பின் வாரை அவிழ்க்கப் பார்த்தாள். ஒன்று கழன்றது, மற்றதன் கொக்கி வரவில்லை. ஒற்றைச் செருப்போடு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா கை இல்ல, ஐயா. நான் போட்ட விதி. ஒருத்தருக்கு ஒரு புக்கிங்தான்னு வச்சுட்டேன். அடக்கத்துக்குப் பதிஞ்சதும் ஒருவாரம் அழிஞ்சு போச்சு. சனிக்கெழமையே எனக்குத் தெரியும். சொல்லல."

பேச்சுக்காரர் தலைவரிடம் காது கொடுத்தார். நிமிர்ந்தபோது அவர் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

"உன் மெஷின் கணக்குப்படி எங்க தவியா ஏப்ரல்லதான் சாகணுமான்னு பெரியவர் கேக்கறாரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக்கூட செர்வாவால் தாங்க முடிந்தது. அதற்குப் பிறகு தலைவர் கையை உயர்த்திப் பேச்சுக்காரரை நிறுத்திவிட்டுத் தானே கேட்டார்.

"நீ எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தான், ஐயா. பாந்தாமா."

"இதே ஊரா" என்றார் தலைவர். சிரித்தவர்களும் அடங்கிப்போனார்கள். செர்வா தரையில் கிடந்த ஒரு புட்டி மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

புட்டியை ஏற்றுக்கொண்டார்கள். தரையில் வார்த்து, தவியாவிடமும் ஒரு வார்த்தை சொன்னார்கள். போக்குவாவை வேலையை விட்டு எடுக்கும் பேச்சு எழவேயில்லை. திரும்பும்போது மேடம் அச்சியா செர்வாவிடம் பேசவில்லை. யெபோவாவின் போன் வந்தபோது மட்டும், "நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பின் இருக்கையில் போக்குவா மெதுவாகச் சொன்னாள்: "பாத்து அடிக்கணும்னு நீ சொன்னப்போ நான் நம்பிட்டேன், செர்வா. படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு. சர்ச்சுலகூட பாட்டுப் புத்தகத்தத் தொட பயமா இருந்துச்சு."

கார் நின்றதும் செர்வா நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கிடங்கில் விதியை எடுத்தாள். இறந்தவர்களுக்குத் தனிப் பட்டியல், கூடல்களுக்குத் தனிப் பட்டியல் என்று பிரித்து இரண்டையும் இணைத்தாள். பெயர், கூடல் இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் நிறுத்திக் கேட்கும் பெட்டியையும் வைத்தாள். எல்லாம் முடிந்தபோது பக்கத்தில் வைத்திருந்த டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதைக் குடிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தப் பழைய பதிவுல என் பேரு இன்னும் நிக்குதா?" என்று போக்குவா பின்னாலிருந்து கேட்டாள்.

"நிக்குது அக்கா."

"எடுக்க முடியுமா?"

அந்த வரியை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தாள். சாவி அவளிடம் மட்டும் இருந்தது. திறந்து, போக்குவாவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். போக்குவா எட்டிப் பார்த்தாள். போன் அடித்தது. எடுத்தாள்.

"ஒருவாரத்துக்கா, அடக்கத்துக்கா?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டே ஒரு விரலால் தட்டினாள். தட்டி முடித்ததும் அந்த விரலைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.