வீரம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஒரு கார் சாவிக் கதை

1

இது நானாக எழுத உட்கார்ந்த கதை இல்லை. ஒருத்தி கேட்டாள், மறுத்தேன், மறுபடி கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

ஈப்போவில் எனக்கு ஒரு சாவிக் கடை இருக்கிறது. வீட்டுச் சாவிக்கு நகல் வெட்டுவேன், கார் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவேன், லாக் ஆகிப்போன காரைத் திறந்து விடுவேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கதையும் வரும். இரண்டு தொழிலிலும் பெரிய பேர் வாங்கியதில்லை. போன செவ்வாய்க்கிழமை செமோரிலிருந்து குமுதா வந்து கடை முன்னால் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு ஒரு கதை எழுதித் தரணும்."

"அம்மா படிப்பாங்களா?"

"எழுத்து தெரியாது. ஞாயித்துக்கெழம நான்தான் பேப்பர் கதைய வாசிச்சுக் காட்டுவேன். நான் சொன்னா கேக்கமாட்டாங்க. கதைன்னா கேப்பாங்க."

என்ன கதை வேண்டும் என்றேன்.

"அந்தச் சாவிக் கதைதான். சாவி தானா உள்ள விழுந்த மாதிரி எழுதுங்க. யாரு மேலயும் தப்பில்லாம."

எந்தச் சாவி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு ஆறாம் பகுதிவரை வரமாட்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: "கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்…" அடித்துவிட்டேன். சாவி மாட்டிக்கொண்ட அன்று காலை யாரும் குன்றைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "வீரம்மா இந்த நாட்டில் பிறந்தவர், ஆனால்…" இதையும் அடித்தேன். அந்த "ஆனால்" வந்த உடனே கதை மேடைப் பேச்சாகிவிடுகிறது.

ஆகவே எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து தொடங்குகிறேன். இப்போது வரும் கார்களில் சாவியைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை. பையில் கிடந்தால் போதும். சாவி பக்கத்தில் இருக்கிறது என்று கார் தானே கண்டுகொள்ளும், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். சாவியைப் பின்பக்கம் சாமான் வைக்கும் பூட் உள்ளே மறந்து வைத்து மூடினால், கார் கீச்கீச்சென்று கத்திக் காட்டிக் கொடுத்துவிடும், பூட் மறுபடி திறந்துகொள்ளும். கார் விற்ற பையன் குமுதாவுக்கு இதை இரண்டு தடவை செய்து காட்டினானாம். அன்றோடு அவள் சாவியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டாள். அது தப்பில்லை. என் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றைச் சொல்வதில்லை. இறுக்கமான மூடி போட்ட தகர டின்னுக்குள் சாவி இருந்தால் கார் அதைக் கண்டுகொள்ளாது. சாவி உள்ளேயே கிடக்கும், கார் அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளும்.

[பக்கத்திலேயே கிடப்பதை இல்லை என்று சொல்லும் இந்தக் காரைப் போலத்தான் இந்த நாடும்… வேண்டாம். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. வாசித்துக் காட்டினால் வீரம்மா, "காரப் பத்தித்தானே சொல்லிக்கிட்டு இருந்த?" என்று கேட்பார்.]

3

இது நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். குமுதாவின் அம்மா வீரம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பன் பிறப்பைப் பதியவில்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்பு. முப்பது வருஷம் பால் வெட்டிய அவருக்கு இன்றைக்கும் சிவப்பு ஐசிதான், சிவப்பு அடையாள அட்டை. இங்கே இருந்துகொள்ளலாம், குடிமகள் இல்லை. தேர்தல் நாளில் வீட்டில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவார்கள், அவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார். சாவதற்குள் ஒரு தடவை ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. குடியுரிமைக்கு இரண்டு தடவை மனுப் போட்டு நின்றுபோனது. மூன்றாவது மனுவுக்கு நாலு வருஷம் கழித்து, ஈப்போ பதிவு அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. காலை ஒன்பதரை. அசல் பத்திரங்கள் எல்லாம் வேண்டும்.

அசல் எல்லாம் ஒரு சதுர பிஸ்கட் டின்னில் இருந்தன. கல்யாணப் பத்திரம், பழைய பதிவுகள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் அவர் பிறந்ததைப் பற்றித் தன் கையால் எழுதிக் கொடுத்த கடுதாசி. நம் வீடுகளில் பத்திரம் இருக்கும் இடம் அதுதானே. செமோரிலிருந்து ஈப்போவரை வீரம்மா அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வழியில் நாலைந்து முறை திறந்து பார்த்தார்.

ஒன்பது மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். வீரம்மாவுக்கு ஒன்றுக்குப் போக வேண்டும். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. டின்னை சீட்டில் விட்டால் கண்ணாடியை உடைப்பார்கள், கைப்பையைத் தோளில் மாட்டினால் பறித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று குமுதாவுக்குப் பயம். கதவுகளை லாக் செய்தாள், பூட் கதவைத் திறந்து இரண்டையும் உள்ளே வைத்தாள். சாலையைத் தாண்டிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"டிரெசர் கடுதாசி இருக்கான்னு பாத்துக்க லா."

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.]

குமுதா பூட் கதவை அழுத்தி மூடினாள். கார் கத்தவில்லை.

பத்து நிமிஷம் கழித்து வந்து பூட் பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. கதவைத் தொட்டாள், அதுவும் திறக்கவில்லை. கைப்பை, போன் எல்லாம் உள்ளே. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த சாவிக்காரரின் நம்பரைப் பார்த்து, சாப்பாட்டுக் கடைக்காரரின் போனை வாங்கிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பூட் தொறக்க மாட்டேங்குது. சாவி உள்ள மாட்டிக்கிச்சு. ஒம்பதரைக்கு ஆபீஸ்ல இருக்கணும் அண்ணே, ரொம்ப அவசரம்."

"இருபது நிமிஷத்துல வந்துர்றேன்."

4

அதிகாரி நல்ல மனுஷி. அசல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் பத்து மணிவரை உங்கள் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். வீரம்மா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். குமுதா கார் பக்கத்தில் வெயிலில் நின்றாள்.

சாவிக்காரர் வந்தபோது மணி பத்து ஐந்து. சாலையில் ஒரே ஜாம் என்றார். கதவிடுக்கில் காற்றுப் பையைச் செருகி ஊதி, கம்பியை விட்டுக் கதவைத் திறந்தார். அலாரம் அலறத் தொடங்கியது. அலுவலகத்திலிருந்து வீரம்மாவும் ஓடி வந்தார். உள்ளே இருந்த பூட் பொத்தான் வேலை செய்யவில்லை. சாவிக்காரர் பின்சீட்டை மடக்கி, கையை விட்டு முதலில் கைப்பையை இழுத்தார். அதில் சாவி இல்லை. பிறகு டின்னை இழுத்து மூடியைத் திறந்தார். பத்திரங்களுக்கு மேலே சாவி கிடந்தது.

வீரம்மா அதைப் பார்த்தார்.

"நான்தான் போட்டுருக்கேன். வழியெல்லாம் தொறந்து தொறந்து பாத்தேன்ல, அப்ப உள்ள விழுந்துருக்கு. எம் புத்தி கெட்டுப் போச்சு தம்பி."

குமுதா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த ஆள் உள்ளே போயிருந்தார், அதற்கடுத்தவரும் காத்திருந்தார். "தா அப்பா, மக்சிக்," என்றார் அதிகாரி, பரவாயில்லை அம்மா என்று. மறுபடி கடிதம் வரும் என்றார். வந்தது, மூன்று வருஷம் கழித்து.

இந்த மூன்று வருஷத்தில் வீரம்மா எதையும் தொடுவதில்லை. அடுப்பைப் பற்ற வைக்கமாட்டார், மறந்துவிடுவேன் என்பார். வீட்டுச் சாவியைக் கையில் வாங்கமாட்டார். பேரப்பிள்ளையைத் தூக்கச் சொன்னால்கூட, "எங்கிட்ட குடுக்காத, எனக்கு நெனப்பு நிக்காது" என்பார். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவருக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வீரம்மா நம்பவில்லை. வரும் புதன்கிழமை நேர்காணல். "நான் வரல. வந்தா கெடுத்துருவேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.



5

குமுதா கேட்டபடி எழுதிப் பார்த்த ஒரு பகுதி இது:

"அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த டெலிபோன் கோபுரத்திலிருந்து வந்த அலைகள் சாவியைக் குழப்பிவிட்டன. பூட் தானாக லாக் ஆனது. அதில் யார் தப்பும் இல்லை."

பாதி உண்மை போலவே இருக்கிறது. சில இடங்களில் ரிமோட் வேலை செய்யாமல் போவதுண்டு. ஆனால் இந்தக் கதையைக் குமுதா ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "சாவி டின்னுக்குள்ளதானே இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்ல" என்று கேட்டிருக்கிறார் அந்த நெனப்பு நிற்காத மனுஷி. கோபுரம் டின்னைத் திறந்து சாவியை உள்ளே போடாது.

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் சாவிக்காரர் ஒன்பது முப்பத்தைந்துக்கே வந்துவிடுகிறார். பத்து நிமிஷத்தில் திறக்கிறார். ஒன்பதே முக்காலுக்கு வீரம்மா டின்னோடு உள்ளே போகிறார். அதிகாரி டிரெசர் கடுதாசியைத் தொட்டுப் பார்த்து

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கை கூசியது.

6

அந்தச் சாவிக்காரர் நான்தான்.

"சாவிக்காரர்" என்று மரியாதையாக "ர்" போட்டு இதுவரை எழுதிக்கொண்டு வந்ததற்கு வெட்கப்படுகிறேன். அன்று சாலையில் ஜாம் இல்லை. அழைப்பு வந்தபோது ரொட்டி சானாய் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தது. எதிரே என் கூட்டாளி விக்னேஸ்வரன். கூப்பிடுகிற எல்லோரும் அவசரம் என்றுதான் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் பூட் உள்ளே ஐஸ்பெட்டி மீன் இருக்கும், பாசாரில் வாங்கிய சாமான் இருக்கும். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். இன்னொரு தே தாரிக் டீ சொன்னேன். விக்னேஸ்வரன் அவன் மருமகனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டிருந்தோம். முப்பது நிமிஷம் போனது.

சொன்ன நேரத்துக்குப் போயிருந்தால் வீரம்மாவின் வேலை அன்றே முடிந்திருக்கும். மூன்று வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடமும்கூட. செவ்வாய்க்கிழமை குமுதா கடைக்கு வந்து நின்றபோது, திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கதை கேட்டாள்.

வீரம்மா, இதை உங்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள். நேரம் கெட்டுப்போனது என்னால். என்னை மன்னிக்க வேண்டும்.

7

குமுதா, இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பாய். அம்மாவுக்கு எழுத்து தெரியாதே தவிர எண்ணத் தெரியும். முப்பது வருஷம் மரத்தை எண்ணியவர். ஆறுக்கு அப்புறம் எட்டு வந்தால், ஏழு எங்கே என்று கேட்பார்.

மூன்றாம் பகுதியிலிருந்து எடுத்து வைத்த வாக்கியம் இதுதான்:

கடுதாசி இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்த குமுதா, மறுபடி அந்த இறுக்கமான மூடியைப் போட இரண்டு கையும் வேண்டும் என்பதால், கையிலிருந்த சாவியை ஒரு கணம் பத்திரங்களின் மேல் வைத்தாள், மூடியைப் போட்டாள், சாலையில் தனியாகப் போகும் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பூட் கதவை மூடினாள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வந்தபோது கதவுகள் லாக் ஆகியிருந்தன. சாவி மூடிய டின்னுக்குள் இருந்தால் அந்தக் கதவை லாக் செய்ய முடியாது. கதவு லாக் ஆனபோது சாவி வெளியேதான் இருந்தது, அப்போது வீரம்மா சாலையில் இருந்தார். டின்னைத் திறந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. அம்மா தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். என்னுடைய ஜாமைப் பற்றி நீ ஒன்றும் கேட்டுவிடக் கூடாதே என்று நானும் பேசாமல் என் சாமான்களை எடுத்து வைத்தேன்.

அது கைத்தவறு, குமுதா. யாருக்கும் நடக்கும், மாதம் நாலு பேருக்கு நடந்து பார்க்கிறேன். அதற்கு அப்புறம் வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு. அதில் எனக்கும் பாதி உண்டு.

8

இந்தத் தாள்களைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, செமோருக்குப் போய் குமுதாவின் கையில் கொடுக்கப் போகிறேன். அச்சில் வருவதும் அடுப்பில் போவதும் அவள் விருப்பம். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

வீரம்மா புதன்கிழமை காரில் ஏறினாரா, டின்னை மடியில் வைத்துக்கொண்டாரா, மகளோடு பேசினாரா என்றெல்லாம் என்னால் மூன்று விதமாக எழுத முடியும். மூன்றையும் எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை.

குமுதா, கதை முடிந்ததும் அம்மா எப்போதும், "அப்புறம்?" என்று கேட்பார் என்று சொன்னாய். நாளை மறுநாளும் கேட்பார். அப்போது தாளைப் பார்க்காதே. அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்.