மூன்று இட்லிப் பரீட்சை

சிலோனுக்குப் போகிறவர்கள் மண்டபம் கேம்ப்பில் சில நாள் தங்கி, ஊசி போட்டு, காகிதம் சரிபார்த்த பிறகுதான் கப்பல் ஏற முடியும். அவர்கள் கூட்டி வந்த நாய்க்குக் காகிதம் கிடையாது. அது வாசலோடு நின்றுவிடும். பொங்கலுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லாத ஆளே இல்லை. எந்தப் பொங்கல் என்று யாரும் சொன்னதில்லை.

கேம்ப் வாசலுக்கு எதிரே ஒரே கொட்டகையில் சோலையம்மாள் இட்லியும் லத்தீபா ஆப்பமும் விற்றார்கள். விட்டுப்போன பிராணிகள் எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் ஓலை வேலிக்குள் சேர்ந்தன. நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும் என்பதால் லத்தீபா பூனைகளையும் ஒரு கிளியையும் எடுத்துக்கொண்டாள். பூனை என்றாலே திருட்டு என்று சோலையம்மாள் நாய்களை எடுத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் பார்ப்பார்கள். சொந்தக்காரர் வராவிட்டால் கேட்கிறவருக்குக் கொடுப்பார்கள். அதற்குச் சோலையம்மாள் ஒரு பரீட்சை வைத்திருந்தாள். வந்தவருக்கு மூன்று இட்லி வைத்து, எதிரே நாயை உட்கார வைப்பாள். முதல் இட்லியையே தூக்கிப் போட்டால் அது வேஷம். தின்று முடித்து, சட்னி வழித்த மிச்சத்தைப் போட்டாலும் கிடையாது. பேச்சு மும்முரத்தில், தனக்கே தெரியாமல் கை கீழே போய் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட கை நூற்றில் பத்துப் பேருக்கு இருந்தால் அதிகம்.

1953 கோடையில் உச்சிப்புளிப் பக்கம் ஒருவரை வெறிநாய் கடித்துவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் நாகநாதன் வந்தார். வெள்ளிக்கிழமை வரும்போது சொந்தக்காரர் இல்லாத நாய் இங்கே இருந்தால் சுடப்படும் என்றார். கடைக்காரிகள் பேரில் எழுதிக்கொள்ளவும் முடியாது. சாப்பாட்டுக் கடையில் நாய் வளர்த்தால் கடையை மூட வேண்டும்.

ஒன்பது நாய், நான்கு நாள். சோலையம்மாள் ஊரெல்லாம் சொல்லி அனுப்பி ஆட்களை வரவழைத்தாள். பரீட்சையை மட்டும் தளர்த்தவில்லை. தொண்டி மீன் லாரிக்காரர் இரண்டு கொண்டுபோனார். வியாழன் சாயங்காலத்துக்குள் எட்டு போய்விட்டன.

மிச்சம் மேஸ்திரி. முதுகுளத்தூர் முத்தழகு இரண்டு வருஷம் முன்னால் விட்டுப்போன செவலை நாய். எந்தப் பக்கமிருந்து ரயில் வந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய், இறங்குகிறவர்களை வேலைக்கு எடுப்பது போல ஒவ்வொருவராக முகர்ந்து பார்க்கும். அதனால் அந்தப் பெயர். குறையும் அதுதான். யாருக்குக் கொடுத்தாலும் ரயிலைப் பார்க்கத் திரும்பிவிடும். தங்கச்சிமடத்துக்குக் கொடுத்தபோது பாம்பன் பாலத்தைத் தண்டவாளத்திலேயே நடந்து தாண்டி வந்தது. அதற்குப் பிறகு ரயில்வே ஆட்கள் அதை மரியாதையாகப் பார்த்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை நாகநாதன் துப்பாக்கிக்காரரோடு வந்து சேர்ந்தார்.

"மொதல்ல உக்காருங்க சார். வெயில்ல வந்திருக்கீக," என்றாள் சோலையம்மாள். "நாயி எங்கன ஓடப்போகுது?"

மூன்று இட்லி வைத்தாள். மேஸ்திரி எதிரே வந்து உட்கார்ந்தது. நாகநாதன் சாப்பிட்டுக்கொண்டே வெறிநாய்க்கடி பற்றி விளக்கத் தொடங்கினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தண்ணீரைக் கண்டாலே நடுக்கம். குரல் ஏற ஏற, அவர் கை ஒரு துண்டு இட்லியைப் பெஞ்சுக்குக் கீழே நீட்டியது. பேச்சு நிற்கவில்லை. மேஸ்திரி மெதுவாக வாங்கிக்கொண்டது. கை இன்னொரு துண்டோடு போனது. லத்தீபாவின் ஆப்பம் கரிந்தது.

"சார், ஒங்க கை சம்மதிச்சிருச்சு," என்றாள் சோலையம்மாள்.

என்ன சம்மதம் என்று கேட்டார். பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். ஏதோ ஒரு துண்டு தவறி விழுந்திருக்கும் என்றார்.

"ரெண்டு," என்றாள் லத்தீபா. "ரெண்டாவதுல மொளகா ஒட்டியிருந்துச்சு. அத எடுத்துப் போட்டுட்டுல குடுத்தீக."

துப்பாக்கிக்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"நான் இதைச் சுட வந்தவன்மா."

"சொந்தக்காரன் இல்லாட்டித்தான சுடணும்? பேர எழுதுங்க."

நாகநாதன் நோட்டைத் திறந்தார். பிறகு சொந்தக்காரர் என்ற இடத்தில், வழக்கத்தைவிடச் சிறிய எழுத்தில், தன் பெயரை எழுதினார். மத்தியான ரயிலில் மேஸ்திரி ராமநாதபுரம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அது ஸ்டேஷனில் நின்றது.

"வெறுத்துப்போயி பேர அடிச்சிருவாரு," என்றாள் லத்தீபா. சோலையம்மாள் மாவைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

ரயில் வந்தது. மேஸ்திரி எல்லோரையும் முகர்ந்துகொண்டே போய், கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவரிடம் நின்றது. வால் ஆடியது. நாகநாதன் கையில் ஒரு கயிறு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வர வேண்டியிருக்கும் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டே கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

ஓலை வேலிக்குள்ளிருந்து இரண்டு புதுக் குரல்கள் குரைத்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"பொங்கலுக்கு வந்து கூட்டிக்கிருவாகளாம்," என்றாள் சோலையம்மாள்.

"எந்தப் பொங்கலுக்கு?"

அவள் மூன்று இட்லி வைத்தாள். நாகநாதன் நோட்டை வெளியே எடுக்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒன்று வைக்கச் சொன்னார்.